கேடயத்தின் பின்னால் ஒரு வீரம்

முல்லைத்தீவுக் குருந்தூர்மலையைச் சைவர்கள் ஆதிசிவன் தலமென்கின்றனர். தொல்லியல் திணைக்களம் பௌத்த விகாரை என்கிறது. அங்கே புதிய கட்டுமானம் கூடாதென்று முல்லைத்தீவு நீதிமன்றம் 2022 ஜூலையில் கட்டளையிட்டது. கட்டளை மீறப்பட்டதென 2023 ஓகஸ்டில் அதே நீதிமன்றம் கண்டது. இடையில், அவ்வாண்டு ஜூலையில், அன்றைய கொழும்பு மாவட்ட உறுப்பினர் சரத் வீரசேகர நீதிபதி ரி. சரவணராஜாவைப் பாராளுமன்றத்திலேயே சாடினார். செப்ரெம்பரில் உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டிப் பதவி துறந்த நீதிபதி, நாட்டை விட்டே வெளியேறினார்.

அச்சுறுத்தல் பற்றி முறைப்பாடு வரவில்லை என்றது அரசு. இருக்கட்டும். சபையில் பேசியது ஹன்சாட்டில் இருக்கிறதே, அதற்குமா முறைப்பாடு வேண்டும்?

தீர்ப்புப் பிழையெனில் மேன்முறையீடு உண்டு. தனிப் பிரேரணையின்றி நீதிபதியின் நடத்தையைப் பேசலாகாதென்பது சபையின் சொந்த நிலையியற் கட்டளை. உறுப்பினரின் சபைப் பேச்சை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது. நீதிபதியோ மறுமொழி சொல்ல முடியாதவர். கை கட்டப்பட்டவரைக் கேடயத்தின் பின்னால் நின்று அடிப்பது வீரமாகாது.

வடக்குக் கிழக்குச் சட்டத்தரணிகள் அன்று பணியைப் புறக்கணித்தனர். அது ஒரு நீதிபதிக்காக மட்டுமன்று. காணி வழக்கோடு நாளை நீதிமன்றப் படியேறும் வன்னி விவசாயிக்கு, சட்டத்துக்கன்றி வேறெதற்கும் அஞ்சாத ஒரு நீதிபதி வேண்டும். அவரையும் துரத்திவிட்டால், அந்த விவசாயி எங்கே போவான்?