பத்து மணி நேரமும் பத்து நாளும்

வீடியோ விளையாட்டுகளுக்கு விலை அதிகமா? நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கும் சரக்கு, ஆகவே விலை நியாயமே என்கிறார்கள் சிலர். உழைத்தவர்களுக்குக் கூலி கிடைப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவனும் உழைப்பாளிதானே?

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2020 முதல் பெரிய விளையாட்டுகள் பலவற்றின் விலை ஏறத்தாழ 70 டாலர். அங்கே மத்தியச் சட்டம் 2009இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பத்து மணி நேர உழைப்பு போதும். 'பிளேஸ்டேஷன் 5' கருவி 2021இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். அதற்கான புதிய விளையாட்டுகள் சிலவற்றுக்கு 4,999 ரூபாய். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாளொன்றுக்கு 500 ரூபாய் பெறும் இளைஞன் ஒருவன் விளையாட்டுக்குப் பத்து நாளும் கருவிக்கு நூறு நாளும் உழைக்க வேண்டும்! சம்பளம் ரூபாயில், விலையோ டாலர் கணக்கில்.

செல்போனில் இலவசமாக ஆடலாமே என்பார்கள். நுழைவதுதான் இலவசம்; உள்ளே ஆடைக்கும் அலங்காரத்துக்கும் காசு கேட்கிறார்கள்.

கூலிக்கு ஏற்ற விலை வேண்டும் என்கிறோம். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் ஏழைக்கும் புத்தகம் எட்ட வழி திறந்தது. அதுபோல அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி நூலகங்களில் விளையாட்டு அறைகளை அரசு திறக்க வேண்டும் எனக் கோருகிறோம். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் விளையாட உரிமை உண்டு.