பட்டமும் புலப்பெயர்வும் வாக்குப் பெட்டியும்

நகரை விட்டுப் புறநகரில் வீடு வாங்கிக் குடியேறியவர் பழமைவாதிகளுக்கே வாக்களிப்பார் என்பது அமெரிக்க அரசியலில் நெடுங்காலம் வாய்ப்பாடாக விளங்கியது. அதற்கு உதாரணமாக எவரும் முதலிற் காட்டிய இடம், லொஸ் ஏஞ்சல்சுக்குத் தெற்கேயுள்ள ஒரேஞ்ச் கவுண்டி. நிக்சன் பிறந்த மண் அது. 1964இல் படுதோல்வி கண்ட கோல்ட்வோட்டரை அந்த மாவட்டம் கைவிடவில்லை. 1940 முதல் 2012 வரை அங்கு ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் எவரும் வென்றதில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் வென்றார். 2018இல் மாவட்டத்தின் ஏழு காங்கிரஸ் ஆசனங்களும் அக்கட்சி வசமாயின.

இதற்கு ஆய்வாளர்கள் தரும் விடை இரண்டு சொற்களில் அடங்கும்: கல்வி, சனத்தொகை. ஒரு காலத்தில் பட்டதாரிகள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியினராகவே இருந்தனர். பட்டமில்லாத் தொழிலாளர் ஜனநாயகக் கட்சியுடன் நின்றனர். அந்த நிலை கடந்த முப்பது ஆண்டுகளிற் படிப்படியாகத் தலைகீழாயிற்று. சனத்தொகையும் மாறியது. 2020 குடிசன மதிப்பீட்டின்படி அங்கு எந்த இனமும் பெரும்பான்மையல்ல. வெள்ளையரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் தலா மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகம், ஆசியர் ஐந்திலொன்றுக்கு மேல்.

குடியரசுக் கட்சி தன் கையாலேயே தேடிக்கொண்ட இழப்பும் இதில் உண்டு. ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளிக்கூடத்தையும் மருத்துவத்தையும் மறுக்கும் 187ஆம் பிரேரணையை 1994இல் கலிபோர்னிய வாக்காளர் நிறைவேற்றினர். அதன் பிறப்பிடமே ஒரேஞ்ச் கவுண்டிதான். நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. ஆனால் அச்சமுற்ற லத்தீன் அமெரிக்கர் பலர் குடியுரிமை பெற்று வாக்காளராயினர். 1996இல் அங்கு பல காலம் ஆசனம் வகித்த பொப் டோர்னனை லொரெற்றா சான்செஸ் 984 வாக்குகளால் வீழ்த்தினார்.

விரிவுரையாளராயிருந்த காலத்தில், கல்வி மனிதரை ஒரு குறித்த அரசியல் திசைக்கு இட்டுச் செல்லும் என்று மாணவர்களுக்கு நாமும் உறுதியாகச் சொன்னதுண்டு. இன்று அப்படிச் சொல்லத் துணியோம். பல்கலைக்கழக நகரான ஏர்வைன் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் அதன் அயலிலுள்ள நியூபோட் பீச்சிலும் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. அங்கு குடியரசுக் கட்சியின் கொடி இன்னும் இறங்கவில்லை. கடலோர மாளிகைக்கும் வரிப் பத்திரத்துக்கும் தனியான ஒரு படிப்பினை உண்டு போலும்.

எம்மை அதிகம் சிந்திக்க வைப்பது வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ் பகுதிகளிலுள்ள 'லிற்றில் சைகோன்'. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் தப்பியோடிய வியட்நாமியர் எழுப்பிய ஊர் அது. வாக்குச்சீட்டும் வியட்நாமிய மொழியில் அச்சாகிறது. 1999இல் ஒரு வீடியோக் கடையில் ஹோ சி மின்னின் படம் தொங்கியதற்காக ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் வீதியில் நின்றனர். மூத்தோர் கம்யூனிச எதிர்ப்பைக் குடியரசுக் கட்சியுடன் பிணைத்தே வாக்களித்தனர். பேரப்பிள்ளைகளோ வைத்தியச் செலவையும் வாடகையையும் முன்வைத்துப் பேசினர். ஒரே வீட்டின் ஒரே மேசையில் இரண்டு தேர்தல்கள் நடந்தன.

2024இல் அங்கு இரண்டும் ஒன்றாக நிகழ்ந்தன. பைடன் 2020இல் ஏறத்தாழ ஒன்பது சதவீத வித்தியாசத்தில் வென்ற மாவட்டத்தில் ஹரிசின் முன்னிலை மூன்று சதவீதத்துக்கும் கீழே சுருங்கியது. லத்தீன் அமெரிக்கர் வாழும் பகுதிகளிலும் ட்ரம்பின் வாக்கு உயர்ந்தது. சனத்தொகை மாறினால் வெற்றி தானாக மடியில் விழும் என்று இருந்தவர்கள் திகைத்தனர். அதே நாளில், கொரியாவிற் பிறந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் மிஷெல் ஸ்டீலை, வியட்நாமிய அகதிகளின் மகனான டெரெக் ட்ரான் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் வெறும் 653ஆல் வென்றார்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் தேர்தல் நெருங்குகையில், 'எமது சமூகத்தின் வாக்கு முழுவதும் எம் பையில்' என்று கட்சி அலுவலகங்களுக்கு உறுதி கூறும் பிரமுகர்களை நாமும் அறிவோம். அவர்கள் எண்ணுவது தலைகளை. அந்தத் தலைகளில் அரைவாசி, தாம் காணாத நாட்டின் போரைக் கேட்டு வளர்ந்து, தாம் கண்ட நாட்டின் பள்ளிக்கூடத்திற் படித்தவை. அடுத்த முறை அவர்கள் அந்த உறுதியைக் கொடுக்கப் போகையில், தம் வீட்டு மேசையிலுள்ள பிள்ளைகளிடம் முதலில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போகட்டும்.