பிள்ளைகளுக்கு இடம் விட்ட தெருக்கள்



வேற்று நாட்டில் குடும்பம் நடத்துவோரின் அன்றாடத்தைப் பேசும் இதழ் இது. நெதர்லாந்தில் சில ஆண்டுகள் குடியிருந்து, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவள் நான். அந்த அனுபவத்தில் மனத்தில் பதிந்த சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். கடல் கடந்து இருப்பவர்களுக்கு அது எப்போதும் வாய்ப்பதில்லை. அம்மாவுக்கு விசா தாமதமாகும். அல்லது உடம்பு முடியாத அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது. நெதர்லாந்தில் இதற்கென்றே ‘க்ராம்ஸோர்க்’ என்றோர் ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை பிறந்த எட்டுப் பத்து நாட்களில், மொத்தம் 24 முதல் 80 மணி நேரம் வரை, பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து கவனித்துக்கொள்வார். எல்லோருக்கும் கட்டாயமான அடிப்படை மருத்துவக் காப்பீட்டிலேயே இது அடக்கம். மணிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை மட்டும் நம் பொறுப்பு. தாய்க்குக் காய்ச்சல் உண்டா என்று பார்ப்பார், குழந்தையை எடை போடுவார், பால் கொடுக்கப் பழக்குவார். குளியலறையைக் கழுவுவார், துணி துவைப்பார். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்மணி குழந்தையை என் கணவரின் கையில் கொடுத்து, குளிப்பாட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். முதலில் கணவருக்குக் கை நடுங்கியது. பிறகு குளிப்பாட்டுவது அவருடைய வேலையாகவே ஆகிவிட்டது.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவித் தருவார்கள். பெண் பிறந்தால் இளஞ்சிவப்பும் வெள்ளையும், ஆண் பிறந்தால் நீலமும் வெள்ளையும். தாய்ப்பால் சுரக்கச் சோம்பு நல்லது என்ற நம்பிக்கை அங்கேயும் பழையதுதான். அதைக் கேட்டபோது அம்மாவின் சமையற்கட்டு அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றியது.

அங்கே பிறந்தநாள் வீட்டுக்குப் போனால், பிறந்தநாள்காரருக்குக் கைகொடுத்ததோடு கடமை முடியாது. வட்டமாக நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் அம்மா, அப்பா, அண்ணன், மாமியார் என ஒவ்வொருவரிடமும் போய், “உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்”, “உங்கள் தங்கைக்காக வாழ்த்துகள்” என்று சொல்ல வேண்டும். ஒருவர் பிறந்த மகிழ்ச்சி குடும்பம் முழுவதற்கும் உரியது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் யார் வீட்டுக்கும் போக முடியாது என்பது பழகும்வரை வலித்தது. மாலை ஆறு மணிவாக்கில் குடும்பமே மேசையைச் சுற்றி அமர்ந்து சாப்பிடும், அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று புரிந்த பிறகு, அந்த வலி மதிப்பாக மாறியது.

பிள்ளைகளை அவர்கள் நம்பும் விதம்தான் எல்லாவற்றிலும் பெரிது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே. எங்கு திரும்பினாலும் கால்வாய். அதனால் சிறு வயதிலேயே நீச்சலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் உடையோடும் காலணியோடும் நீந்திக் காட்ட வேண்டும். தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்புகளில் பல பள்ளிகள் சைக்கிளுக்கென்றே சாலைத் தேர்வு நடத்துகின்றன. பன்னிரண்டு வயதில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, மழையோ எதிர்க்காற்றோ, தானே சைக்கிள் மிதித்துப் போய் வருகிறது. வளர்ந்த நாடுகளில் குழந்தைகளின் நலனை ஒப்பிட்டு யுனிசெஃப் 2007, 2013, 2020 ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளில் நெதர்லாந்து முதலிடம் பெற்றதில் எனக்கு வியப்பில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, ‘அவர்கள் பிறவியிலேயே அப்படி’ என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1971-இல் மட்டும் அந்த நாட்டின் சாலைகளில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் வாகனம் மோதி இறந்தார்கள். விபத்தில் மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பையே பெயராகக் கொண்டு, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற இயக்கம் பிறந்தது. தாய்மார்களும் தந்தைமார்களும் தெருவை மறித்தார்கள். நடுத்தெருவில் மேசை போட்டுக் குடும்பத்தோடு சாப்பிட்டார்கள். டெல்ஃப்ட் நகரில் தொடங்கிய, கார்கள் நடைவேகத்தில் மட்டுமே போகக்கூடிய குடியிருப்புத் தெருக்களுக்கு 1976-இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. இன்று நிம்மதியாகப் பிள்ளையை அனுப்பும் சைக்கிள் பாதை, அன்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்டு வாங்கியது.

வீட்டுக்குள் நடந்ததும் அப்படித்தான். திருமணமான பெண் கணவரின் ஒப்புதலில்லாமல் வங்கிக் கணக்குகூடத் தொடங்க முடியாத நிலை, 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தால்தான் மாறியது. கல்யாணம் ஆனதும் அரசுப் பணியிலிருந்து பெண்களை நீக்கும் வழக்கத்துக்கு எதிராக, கோரி டெண்டலோ என்ற பெண் உறுப்பினர் 1955-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் மிகச் சில வாக்குகளில் வென்றது. சிறு நிறுவனங்கள் நீங்கலாக, வேலை நேரத்தைக் குறைத்துக் கேட்கும் உரிமையை 2000-இல் வந்த சட்டம் ஊழியர்களுக்குத் தந்தது. வாரத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருக்கும் அப்பாக்களைப் பூங்காக்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். 2020 ஜூலை முதல், குழந்தை பிறந்த ஆறு மாதங்களுக்குள் கூடுதலாக ஐந்து வாரம் வரை, 70 சதவீத ஊதியத்தோடு தந்தையர் விடுப்பு எடுக்கலாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பகுதிநேர வேலையில் இருப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் பெண்களே. அதனால் சம்பளமும் குறைகிறது, பதவி உயர்வும் தள்ளிப்போகிறது. அந்தக் கேள்வியை அங்குள்ள பெண்கள் விடாமல் எழுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுகள் ஒருமுறை கேட்டு முடிந்துபோவதில்லை என்பதற்கு அதுவும் சாட்சி.

வாசகர்களே, பிள்ளைப் பாசத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அந்தப் பாசத்தை வீட்டு வாசலோடு நிறுத்தாமல் தெருவுக்கும் வேலையிடத்துக்கும் கொண்டுபோனவர்கள் அந்த நாட்டுப் பெற்றோர்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் வாசலில் நடைபாதை இருக்கிறதா? உங்கள் அலுவலகத்தில் ஒரு தந்தை கூச்சமில்லாமல் விடுப்புக் கேட்க முடிகிறதா? இப்படி ஒன்றைக் கேட்டு வாங்கிய ஊர்க்காரர்களே, பெற்றோர்களே, எங்களுக்கு எழுதுங்கள். யாரிடம் கேட்டீர்கள், எப்படி நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஊரில் இருப்பவர்கள் அதைப் படித்துத் தாங்களும் கேட்கத் தொடங்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்