பெட்டி இருக்கிறது; உதவி எங்கே?

முதலுதவிப் பெட்டி என்பது சுவருக்கு அணிகலன் அன்று. பரிசோதகர் வரும் நாளில் தூசி தட்டிக் காட்டும் காட்சிப் பொருளும் அன்று. உழைப்பவனின் இரத்தம் நிலத்திற் சிந்தும் வேளையில், வைத்தியர் கைக்கு அவன் போய்ச் சேரும்வரை உயிரைக் காத்து நிற்கும் கருவி அது. இந்த எளிய உண்மையை நம் முதலாளிமாரிற் பலர் இன்னும் உணர்ந்தாரில்லை.

சட்டம் இல்லாத குறையா? இல்லை. தொழிற்சாலை ஒவ்வொன்றிலும், குறிக்கப்பட்ட தரத்தில், எளிதில் எட்டக்கூடிய இடத்தில் முதலுதவிப் பெட்டி இருத்தல் வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. இந்தியாவில் 1948இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமோ, 150 தொழிலாளருக்கு ஒரு பெட்டியேனும் வேண்டும் என்றும், பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை முதலாளி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சட்டத்திற்குப் பயந்து வாங்கும் பெட்டி வேறு. காயத்தை எண்ணி வாங்கும் பெட்டி வேறு. நெல் ஆலையை எடுத்துக்கொள்வோம். அங்கே நேரும் ஆபத்துகள் யாவை? இயந்திரப் பட்டியில் விரல் அகப்படும். நெல் அவிக்கும் கொதிநீரும் நீராவியும் உடலைச் சுடும். உமித்தூசு கண்ணிற் பாயும். அந்த ஆலையின் பெட்டியில் நாலு ஒட்டுப் பிளாஸ்டரும் ஒரு குப்பி மருந்தும் இருந்து பயன் என்ன? கிருமி நீக்கி முத்திரையிட்ட பெரிய காயக்கட்டுகள் வேண்டும். முக்கோணத் துணிகள், அகன்ற பட்டித்துணிகள், கண் மூடிகள், கண் கழுவ உப்புநீர்க் குப்பி, கையுறை, கத்தரிக்கோல் வேண்டும். தீக்காயத்திற்கு முதல் மருந்து ஓடும் தண்ணீர். இருபது நிமிடம் குளிரச் செய்தல் வேண்டும். பற்பசை பூசுதல் கேடு. மாத்திரைகளுக்கு இப்பெட்டியில் இடமில்லை. அது வைத்தியர் வேலை. ஒவ்வொரு பொருளின் காலாவதித் திகதியையும் மாதம் ஒருமுறை பார்த்து, எடுத்ததற்கு ஈடு வைக்க வேண்டும். இவை எல்லாம் வாங்கும் செலவு, ஆலை ஒரு நாள் நின்றால் வரும் நட்டத்தின் முன் எம்மட்டு?

இனி, சட்டம் எட்டிப் பார்க்காத இடத்திற்கு வருவோம். படுவான்கரையில் உழைப்போரிற் பெரும்பாலார் ஆலையில் இல்லை, வட்டைகளில் இருக்கின்றனர். மண்டூரின் வயல் தொழிற்சாலை ஆகாது. ஆகவே, ஆலையிலே விரல் நசுங்கியவனுக்குப் பெட்டி உண்டு. அதே நெல்லை விளைவித்தவன் காலில் மண்வெட்டி பாய்ந்தால் அவனுக்கு இல்லை! இது என்ன நியாயம்?

இங்கே தூரமும் ஒரு பகை. மண்டூர்த் துறையிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைப் பாதையிற் கடந்தும், பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றியும் களுவாஞ்சிகுடி வைத்தியசாலையை அடைந்த தலைமுறைகளுக்கு நேரத்தின் விலை தெரியும். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பெரும் வரமே. ஆயினும், அம்புலன்ஸ் வரும்வரை பெருகும் இரத்தத்தை அழுத்திப் பிடிப்பது யார்? அருகில் நிற்பவன்தான்!

பாம்புக்கடியை நினைத்துப் பாருங்கள். நாகமும் புடையனும் வயலில் உள்ளவையே. கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீமையே செய்யும். விஷமுறி மருந்து வைத்தியசாலையில்தான் உண்டு. எந்தப் பெட்டியிலும் இல்லை. பெட்டியால் ஆவது, கடிபட்ட காலை அசையாது வைக்க ஒரு சிம்பும் அகன்ற துணியும் தருவதே. மிகுதி, அவனை நடக்கவிடாது விரைந்து கொண்டுசெல்லும் அறிவு. அவ்வறிவு கடையில் விற்கும் பொருள் அன்று; பயிற்சியால் வருவது.

ஆதலால் நாம் கேட்பது மூன்று. ஆலை முதலாளிமார் தங்கள் பெட்டியை இன்றே திறந்து பார்க்கட்டும்; வேலை நேரம் முழுதும் அது பூட்டின்றி இருக்கட்டும்; பொறுப்பாளர் பெயர் அதன் மேல் எழுதப்படட்டும். போடிமாரும் கமக்காரர் அமைப்புகளும் விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வாடிதோறும் நனையாத பெட்டி ஒன்றை வைத்து, முல்லைக்காரருக்கேனும் முதலுதவிப் பயிற்சி பெற்றுக் கொடுக்கட்டும்; செஞ்சிலுவைச் சங்கமும் புனித யோவான் அம்புலன்ஸ் படையும் அப்பயிற்சியை அளிக்கின்றன. அரசோ, வேலைத்தலம் என்ற சொல்லுக்குள் வயலையும் வாவியையும் கொண்டுவரட்டும். தொழிலிடங்களில் போதிய முதலுதவி ஏற்பாடு வேண்டும் என்று சர்வதேசத் தொழில் தாபனத்தின் 155ஆம் சமவாயம் 1981இலேயே கூறிவிட்டது. பாதுகாப்பான வேலைச் சூழல் உழைப்பவனின் அடிப்படை உரிமை என்று 2022இல் அத்தாபனம் பிரகடனமும் செய்தது.

உரிமை என்று உலகம் ஒப்பிய ஒன்றை, வயலில் நிற்பவன் சலுகையாக இரந்து பெற வேண்டுமா? நாட்டுக்குச் சோறு போடும் கைக்குக் கட்டுப் போட ஒரு முழத் துணி இல்லையென்றால், வெட்கப்பட வேண்டியது அந்தக் கை அன்று!