நிற்கத் தெரிந்த சவாரி

தூரப் பிரயாணத்துக்கென்றே உண்டான ஒரு வண்டியின்மேல் ஏறிக்கொண்டு, எங்கும் போகாமல், நின்ற இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஊசலாடிக்கொண்டிருக்கப் பிரயாசைப்படுகிற ஒருவரைக் காண நேர்ந்தால், இது என்ன வீண் வேலை என்று ஜனங்கள் நினைப்பது இயல்பே. ஆனால் 36 அங்குலச் சக்கரமுள்ள ஒற்றைச் சக்கர வண்டிக்காரர்கள் ‘ஐட்லிங்’ என்று சொல்லும் இந்த அப்பியாசம், வித்தை காட்டுவதற்கான அலங்காரமன்று. அந்த வண்டியைச் சாலையில் ஓட்டத் தகுதியுள்ளவர் யார் என்பதையே நிர்ணயிக்கும் விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய சக்கரத்துக்கு இன்று இருக்கும் கீர்த்தி முழுவதும் தூரத்தினால் வந்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரில் பழங்காலக் கார்களுக்கு டயர் விற்கும் கோக்கர் கம்பெனி, 1990களின் பிற்பகுதியில் காற்றடைத்த 36 அங்குல டயரோடு ஒற்றைச் சக்கர வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு, சர்க்கஸ் கூடாரத்தின் சொத்தாகக் கருதப்பட்ட வாகனம் நெடுஞ்சாலைக்கு வந்தது. 2008ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 800 கிலோமீட்டர் தொடர் ஓட்டப் போட்டியே இவ்வண்டிகளுக்கென்று நடந்தது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலிருந்து 2015இல் புறப்பட்ட எட் பிராட் என்ற இளைஞர், மூட்டை முடிச்சுகளை வண்டியிலேயே கட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றி 2018இல் வீடு திரும்பினார். இவையெல்லாம் மெச்சத்தக்க சாதனைகளே. எனினும், தூரத்தைப் புகழ்வதில் காட்டும் உற்சாகத்தில், ஊருக்குள் நுழைந்தால் சவாரி ஒவ்வொரு சந்தியிலும் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சாதாரண சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்கலாம். இந்தப் பெரிய சக்கர வண்டியில் இருக்கையோ தரையில் நிற்பவரின் இடுப்புக்கும் மேலே. இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். பிடிப்பின்றி அதில் ஏறுவது, தேர்ந்தவர்களையே சில வேளைகளில் ஏமாற்றிவிடுகிற காரியம். ஆகவே, “பெரிய சக்கரம் ஓடுவதற்கு, ஊசலாட ஆசையிருந்தால் சிறிய சக்கரத்தை எடுத்துக்கொள்” என்று சிலர் சொல்லும் வாதம் தலைகீழானது. சிறிய சக்கரத்திலிருந்து இறங்கி ஏறுவது ஒரு சிரமமே அல்ல. இறங்காமல் காத்திருக்கும் சாமர்த்தியம் உண்மையில் யாருக்கு உபயோகப்படுமென்றால், பெரிய சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான்.

பெரிய சக்கரத்தில் ஊசலாடுவது ஏன் கடினம் என்பதற்குக் காரணங்கள் மிகத் தெளிவானவை. இவ்வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது. பெடலும் சக்கரமும் ஒரே அச்சில் பிணைந்திருப்பதால், கால் சுழன்றால் சக்கரம் சுழலும், சக்கரம் சுழன்றால் காலும் சுழன்றே தீரும். பெடல் தாழ்ந்திருக்கும் நிலையிலிருந்து முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று என்பதுதான் ஊசலின் முழு வீச்சு. 20 அங்குலச் சக்கரத்தில் இந்த அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தரை போதும். 36 அங்குலத்தில் அதுவே ஏறத்தாழ 144 சென்டிமீட்டராகிறது. சிறிய வண்டியில், பெடலை அச்சோடு இணைக்கும் தண்டான கிராங்கின் நீளம் பெரும்பாலும் சக்கரத்தின் ஆரத்தில் பாதியளவு இருக்கும். பெரிய வண்டியில் 15 சென்டிமீட்டர் கிராங்க் போட்டாலும் மூன்றிலொரு பங்குதான் தேறும்; அதனால் காலின் அழுத்தத்துக்குப் பலம் குறைகிறது. வேகத்தை விரும்பிக் குட்டையான கிராங்க் போட்டவர்களின் நிலைமை இன்னும் பரிதாபம். போதாக்குறைக்கு, டயரும் ரிம்மும் சேர்ந்த கனம் முழுவதும் விளிம்பிலேயே தங்கியிருப்பதால், ஒரு திசையில் சுழலத் தொடங்கிய சக்கரத்தை எதிர்த் திசைக்குத் திருப்புவதென்பது, சவாரிக்காரர் நினைத்த மாத்திரத்தில் நடப்பதில்லை. நினைப்பதையே சற்று முன்கூட்டி நினைக்க வேண்டும்.

ஆனால் இயற்கை ஒரு சலுகையும் தந்திருக்கிறது. உள்ளங்கையில் பென்சிலை நிறுத்துவதைவிட நீண்ட கம்பை நிறுத்துவது எளிது. உயரமானது மெதுவாகத்தான் சாயும். பெரிய சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் சரீரமும் அவ்வாறே நிதானமாகச் சாய்வதால், திருத்திக்கொள்ளச் சிறிது அவகாசம் கிடைக்கிறது. இந்த அவகாசத்தை அறியாமல், சிறிய சக்கரத்தில் பழகிய துரித கதியை அப்படியே பெரியதிலும் கொண்டுவந்து, பெடலைப் படபடவென்று மிதிக்கிறவர்களே அதிகம் விழுகிறார்கள்.

பழகும் முறையில் ரகசியம் எதுவும் இல்லை. உடலின் கனத்தை இருக்கையில் வைத்து, தாழ்ந்திருக்கும் காலே வேலை முழுவதையும் செய்ய, மேலே உள்ள கால் பெடலில் சும்மா தங்கியிருக்க வேண்டும். கேட்கச் சுலபமான இது, செய்யும்போது மேல் காலின் பிடிவாதத்தினால் கெடுகிறது. உடம்பு நிலைத்திருக்க, சக்கரம் மாத்திரம் அதன் கீழே போய்வர வேண்டும். கிராங்க் படுக்கை நிலையைத் தாண்டும்படி சக்கரத்தை ஓடவிட்டால் திரும்பி வருவது சந்தேகம். ஆதலால் அந்த எல்லைக்கு முன்பே எதிர்த்து அழுத்தத் தொடங்குவது அவசியம். பக்கவாட்டில் சாய்கிறபோது இடுப்பைத் திருப்பிச் சக்கரத்தைச் சாய்வின் பக்கம் கொண்டுவர வேண்டும். காற்றுக் குறைந்த டயர் இத்திருப்பத்துக்கு இடங்கொடாது. முதலில் ஒரே ஒரு ஊசல், உடனே முன்னோக்கி ஓட்டிச் செல்வது, பிறகு இரண்டு என்று வளர்ப்பதே உத்தமம். கம்பியைப் பிடித்துக்கொண்டு பழகுவதற்குப் பெரியவர்கள் வெட்கப்படுகிறார்கள். ஜப்பானில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் மைதானத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வண்டியில் தேறுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத கௌரவம் நமக்கு எதற்கு?

எதிர்ப்பக்கத்து நியாயம் ஒன்றை மாத்திரம் நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முன்னும் பின்னும் வீசும் சக்கரத்துக்கு, பாதசாரிகள் நெருங்கி நிற்கும் சந்தியில் இடமே இல்லை. அங்கே திறமையைக் காட்ட நினைப்பது சாமர்த்தியமன்று, அடாவடி. விளக்குக் கம்பம் கைக்கெட்டினால் பிடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இறங்கி நிற்பதே மரியாதை. எப்போது ஊசலாடுவது, எப்போது இறங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இரண்டும் தெரிந்தவருக்குத்தான் உண்டு.

ஆகவே பெரிய சக்கரம் வாங்கி, உடனே நூறு கிலோமீட்டருக்குத் திட்டம் போடும் அன்பர்கள், அதற்கு முன் காலியான ஒரு மைதானத்தில் இரண்டு கால்களாலும் மாறி மாறி இதைப் பழகிக்கொள்ள வேண்டும். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் மட்டும் தொடங்க வேண்டாம்.