மூட்டைப்பூச்சி மேலயே பழி போடாதீங்க

ஓ.பி.க்கு அரிப்புன்னு வர்றவங்க காரணத்தையும் கையோட கொண்டு வந்துடுறாங்க: "மூட்டைப்பூச்சி கடிச்சிருக்கு டாக்டர்." எல்லாக் கடிக்கும் அது பொறுப்பில்ல. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. 👇

மூட்டைப்பூச்சி கண்ணுக்குத் தெரியும். உளுந்து அளவு, தட்டையா, செம்பழுப்பா இருக்கும். கட்டில் இடுக்கு, மெத்தைத் தையல்ல கரும்புள்ளி இருந்தா ஆள் அங்கதான். போர்வை மூடாத கை, கழுத்துல வரிசையா தடிக்கும். தூக்கம் போகும், உயிர் போகாது.

சிரங்குப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. தோலைக் குடைஞ்சு உள்ளயே முட்டை போடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுத்தி ராத்திரியில அரிப்பு அதிகமாகும். வீட்ல இன்னும் ரெண்டு பேர் சொறியுவாங்க. அரிக்கிறவங்க மட்டும் இல்ல, வீட்ல எல்லாரும் ஒரே ராத்திரி பெர்மெத்ரின் க்ரீம் பூசணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. (கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு.) இதுக்குக் கட்டிலை வெயில்ல போட்டுப் பிரயோஜனமில்ல. பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கட்டில்ல அடிக்கிற வேலையே வேண்டாம். அதுல படுக்கப்போறது நீங்கதான்!

எனக்குப் பயம் மூணாவது ஆள் மேல. புதர், புல்வெளியில இருக்கிற ஒரு உண்ணியோட குஞ்சு. மாட்டு உண்ணி இல்ல, அதைவிட ரொம்பச் சின்னது. ஐப்பசி மழைக்கு அப்புறம் கரிசக்காட்டுல களையெடுக்கும்போதோ, ஓடைக்கரையில ஆடு மேய்க்கும்போதோ ஏறும். கடிச்சது தெரியாது. பத்து நாள் போல கழிச்சுக் காய்ச்சல், தலைவலி. இதுதான் ஸ்க்ரப் டைஃபஸ்.

கடிச்ச இடத்துல பீடி சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். எல்லாருக்கும் வராது. வந்தாலும் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ, பாவாடை நாடா கட்டுற இடம்... யாரு காட்டுவா?

2025 ஜனவரியில பொது சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டப்போ செங்கல்பட்டு, வேலூர்னு வட மாவட்டப் பேர்தான் பெருசா அடிபட்டுச்சு. அதுக்காக நம்ம பக்கம் இல்லைன்னு ஆகிடாது.

இதுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை. விலை கம்மி. சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கும். காய்ச்சல்னாலே போடுற செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒண்ணும் செய்யாது. "ஊசி போட்டாத்தான் கேக்கும்"னு அடம்பிடிக்கிறவங்க இதைக் கவனிங்க. தாமதமானா நுரையீரல், சிறுநீரகம், மூளைன்னு போகும்.

என் கருத்து: காய்ச்சல் ஓ.பி.க்கு இன்னொரு மெஷினுக்கு முன்னாடி ஒரு திரைச்சீலையும், கூட ஒரு நர்ஸம்மாவும் வேணும். சட்டையைக் கழட்டிப் பார்க்காம பொருக்கு கண்ணுல படாது.

டெங்கு இல்ல, டைஃபாய்டு இல்லன்னு வந்தும் அஞ்சு நாளா காய்ச்சல் அடிக்குதா? காட்டு வேலைக்குப் போனதைச் சொல்லுங்க. "அக்குளைப் பாக்கலையா டாக்டர்?"னு கேளுங்க. கோவிச்சுக்க மாட்டோம்.