வில்லங்கச் சான்று சொல்லாத பாக்கி

"வில்லங்கம் சுத்தமா இருக்கு, தைரியமா வாங்குங்க" என்று தரகர் சொன்னதும் பலருக்கு மனம் நிம்மதியாகிவிடுகிறது. குடியேறிய பிறகு, பழைய உரிமையாளர் பெயரில் சொத்து வரி நோட்டீஸ் வரும். "அவர் வைத்த பாக்கி, எனக்கென்ன?" என்று அதை ஒதுக்கிவைப்பார்கள். இரண்டுமே தப்பு. இந்தத் தப்புக்கு, நகையை விற்றுக் கடன் வாங்கி வீடு வாங்கிய குடும்பம்தான் பணம் கட்டுகிறது.

வில்லங்கச் சான்றில் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானம் போன்ற ஆவணங்கள் மட்டுமே. மாநகராட்சியின் வரிக்கணக்கு அதில் ஏறாது. வரி நிலுவையோ சொத்தின் மீதே நிற்கிறது. 'பாக்கி இருந்தால் விற்பவரே பொறுப்பு' என்ற கிரயப் பத்திர வாசகம் விற்றவரைக் கட்டுப்படுத்தும். அதில் கையெழுத்திடாத மாநகராட்சியை எப்படிக் கட்டுப்படுத்தும்?

அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம், பாக்கி தெரியாமல் வாங்கியவர் பக்கம் நின்றது உண்மை. ஆனால், விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டவரைச் சட்டம் 'தெரியாதவர்' என்று ஏற்பதில்லை. அந்தத் தீர்ப்பை நம்பி நோட்டீஸைக் கிடப்பில் போடுவது ஆபத்து.

விற்பவர் நீட்டும் ரசீதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பணம் கட்டிய தேதியைப் பார்க்கிறோம். எந்த அரையாண்டுக்குக் கட்டியது என்று பார்ப்பதில்லை. போன மாதம் கட்டிய பணம் மூன்று வருடத்துக்கு முந்தைய அரையாண்டுக்கு வரவாகியிருக்கலாம். சென்னையில் மண்டலம், கோட்டம், பில் எண், துணை எண் இவற்றை மாநகராட்சி இணையதளத்தில் போட்டால் நிலுவை தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்லாத தரகருக்கு எதற்குக் கமிஷன்? வரிவிதிப்பில் உள்ள சதுர அடியையும் சரிபார்க்க வேண்டும். கணக்கில் காட்டாமல் கட்டிய மாடிக்கான வரி, வீட்டை வாங்கியவர் தலையில்தான் விடியும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் அரையாண்டு வாரியான விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, கிரய நாளை வைத்துப் பிரியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கிரய நாள் வரையிலான வரி விற்றவர் பொறுப்பு என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. அதைக் காட்டி அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதே வாரம் வரிக்கணக்கில் பெயர் மாற்றத்துக்கும் மனுப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நோட்டீஸும் பழையவர் பெயருக்கே போகும்.